வாய் திறக்கக் கூடாத வேலை

கம்பெனியில் அவளைப் பூட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால் வந்த பெயர். இந்தப் பெயர் வீட்டுக்குத் தெரிந்த அன்று அவளுடைய அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறி, அண்ணி ஓடிவந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. வீட்டில் அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததே இல்லை.

அதற்கு முன்னால் அவள் பார்த்தது முழுக்கப் பேசுகிற வேலை. பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பல வருஷம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு மேலே கதவு அகலத்துக்கு ஒரு பலகை, அதில் எல்லா வண்டிகளின் நேரமும் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் ஜனங்கள் "அடுத்த வண்டி எப்போ?" என்று கேட்பார்கள். கையைத் தூக்கிப் பலகையைக் காட்டினால் கோபம் வரும். "வாயில சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்பார்கள். ஒருநாள் அந்த ஜன்னலை அடைத்துவிட்டுத் தொட்டால் பேசுகிற பெட்டி ஒன்றை நிறுத்தினார்கள். வேலை போயிற்று. கணவர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார். அண்ணன் வீட்டுக் கீழ்ப்பகுதியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் சும்மா கிடந்தன. அங்கே வந்து சேர்ந்தாள்.

நோய் பார்க்கும் சோதனை கிட் செய்கிற இந்தக் கம்பெனி இருந்தது ஓர் அச்சகத்துக்குப் பின்னால், மாடிப்படி குறுகலான ஒரு கட்டடத்தில். கீழ்த்தளத்தில் வெள்ளைத் தொப்பியும் முகமூடியும் போட்ட பெண்கள் சோதனை வில்லைகளை உறையில் போட்டு ஒட்டுவார்கள். மேல்தளத்தில் லேப், ஆபீஸ். அவளை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அவளுக்கு ஊரில் பாதிப் பேரைத் தெரியும். கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தர ஒருத்தி தேவைப்பட்டாள்.

எதற்கு ஆள் என்றால், அவர்கள் புதிதாகச் செய்திருந்த கிட் வீட்டில் வைத்தே செய்துகொள்கிற டெஸ்ட். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு குச்சி, ஒரு சின்ன பாட்டில், ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வில்லை. குச்சியை நாலு இடத்தில் குத்தி எடுத்து, பாட்டிலுக்குள் விட்டு, மூடிக் குலுக்கி, வில்லையில் இருக்கும் குழியில் சொட்டு விட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் பார்க்கலாம், பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்கக் கூடாது. ஒரு கோடு வந்தால் சரி. இரண்டு கோடு வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். குடலுக்குள் ஏதாவது கெட்டது வளர ஆரம்பித்திருந்தால், வலி வருவதற்கு வெகுகாலம் முன்பே இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும். அப்போதே பிடித்துவிட்டால் ஆளைக் காப்பாற்றலாம். வலி வந்த பிறகு போனால் டாக்டரே முதலில் பெருமூச்சு விடுவார்.

ஆனால் இப்படி ஒரு கிட்டை மருந்துக்கடையில் சும்மா கொண்டுபோய் அடுக்கிவிட முடியாது. லைசென்ஸ் ஆபீஸ் கேட்கும். லேபில் சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்காது. படிப்பும் பழக்கமும் இல்லாத ஒருவர், கூட யாரும் இல்லாமல், உள்ளே இருக்கும் விளக்கத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு சரியாகச் செய்வாரா, வந்த கோட்டைச் சரியாகப் புரிந்துகொள்வாரா என்றும் கேட்கும். அதைச் செய்துகாட்ட வேண்டும்; ட்ரயல் என்று அதற்குப் பெயர். அதற்குத்தான் ஆள்.

மாடியில் ஒரு நீள அறையை வீட்டுக் குளியலறை மாதிரி ஏற்பாடு செய்திருந்தார்கள். கைகழுவும் தொட்டி, கண்ணாடி, ஒரு சின்ன மேஜை, சுவரில் கடிகாரம். மூலையில் அவளுக்கு ஒரு ஸ்டூல். நிஜ மலம் கிடையாது. லேப் பையன்கள் பழுப்பு நிறத்தில் ஒரு களிம்பு கலக்கிக் கொடுப்பார்கள். வருகிறவர் அதை வைத்து டெஸ்ட் செய்ய வேண்டும். அவள் பார்த்துக் குறிக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது.

அந்த அறையில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். விளக்கத்தாளை மேடையில் பேசுகிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு முழுவதும் வாசித்தார். வாசித்து முடித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதில் சொன்ன ஒன்றைக்கூடச் செய்யாமல் தன் இஷ்டத்துக்குச் செய்தார். தையல்காரம்மா ஒருத்தி பாட்டிலை மூடாமல் குலுக்கிக் கண்ணாடி முழுக்கத் தெளித்தாள். டாக்சி ஓட்டுகிறவர் ஒருவர் சொட்டைக் குழியில் விடாமல், கோடு தெரியும் ஜன்னலிலேயே நேராக விட்டுவிட்டு, "அவ்வளவுதானே?" என்று அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். விளக்கத்தாளை மேஜைமேல் விரித்து, அழுக்காகாமல் இருக்க அதன்மேலேயே எல்லாவற்றையும் வைத்து வேலையை முடித்தவர்கள் எத்தனை பேர். தாள் எங்கே என்று பிறகு தேடியவர்களும் உண்டு.

வீட்டுக்குப் போனதும் எல்லாம் கொட்டித் தீர்ப்பாள். "கண்ணு முன்னாடி எழுதி வெச்சிருக்கு அண்ணி, குழியில விடுங்கன்னு. படம் போட்டு அம்புக்குறி போட்டிருக்கு. என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிக்குது. கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அதான் இங்க வந்து எங்களைக் கடிக்கிறியா?" என்பார் அண்ணன்.

அண்ணன் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். கனத்த உடம்பு, கனத்த குரல். பஸ் எஞ்சின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். தன் உடம்பு எழுப்பும் சத்தம் எதையும் காதில் வாங்கமாட்டார்.

சொன்னால் வெட்கக்கேடு, அந்த விளக்கத்தாளை எழுதியதில் அவளுக்கும் பங்கு உண்டு. முதலில் லேப் ஆட்கள் எழுதியது யாருக்கும் புரியவில்லை. இத்தனை பேர் தடுமாறுவதை உட்கார்ந்து பார்த்தவள் அவள்தான் என்று, தரப்பிரிவு மேடம் அவளையே திருத்தச் சொன்னார். பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி, வரி வரியாக, அவள் திருத்திக் கொடுத்தாள். மூடாமல் குலுக்குவது நின்றது. சொட்டு குழிக்குள்ளேயே விழ ஆரம்பித்தது. அந்தத் தாளில் அவளுக்குப் பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை. வீட்டில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் எடுத்துக் காட்டினாள்.

பைல் லைசென்ஸ் ஆபீசுக்குப் போயிற்று. கேள்வியோடு திரும்பி வந்தது. பதில் போயிற்று. மறுபடியும் கேள்வி வந்தது. பைலைப் பார்த்த ஆபீசருக்குக் கம்பெனியில் கேள்விக்குறி என்று பெயர். ஆளும் கொஞ்சம் அப்படித்தான்: மேல்முதுகு வளைந்து, கீழே ஒரு புள்ளி மாதிரி சின்ன ஷூ போட்டிருப்பார். உறையின் ஒட்டு வெயிலில் பிரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். பாட்டில் மூடியைக் குழந்தை விழுங்கினால் என்று கேட்டார். அதற்கெல்லாம் மேடம் பதில் எழுதிவிட்டார். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் போய்ப் போய்த் திரும்பி வந்தது. இரண்டாவது கோடு மங்கலாக வந்தால் பயன்படுத்துகிறவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? அதற்கு ஆதாரம் எங்கே?

"இரண்டு கோடுகள் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்னு தெளிவாப் போட்டிருக்கு" என்று பூட்டக்கா கொதித்தாள். "மங்கலா இருந்தாலும் ரெண்டு ரெண்டுதானே மேடம். இதுல என்ன புரியாமப் போகும்? வேணும்னே இழுத்தடிக்கிறார் அந்த மனுஷன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம ட்ரயல்ல லேப் குடுத்த களிம்பு எல்லாம் அழுத்தமான கோடு வர்ற மாதிரி கலந்தது. மங்கலான கோடு நம்ம ஆளுங்க யாருக்கும் வரவே இல்ல. அதான் கேக்கறார்."

"வந்திருந்தாலும் புரிஞ்சிருக்கும்."

"அதை அவர்கிட்ட எப்படிக் காட்டறது?"

அந்தப் பேச்சு அவளைக் குடைந்தது. தன் தாள்மேல் சந்தேகப்படுகிறார்களே என்ற எரிச்சல். அந்த எரிச்சலில்தான் அவள் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தாள். ட்ரயலுக்கு வைத்திருந்த கிட்களில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். லைசென்ஸ் இல்லாத கிட் கம்பெனி வாசலைத் தாண்டக் கூடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் எட்டாவது வரை படித்தவர், எதையும் பொறுமையாகப் படிக்காதவர், அவரே சரியாகச் செய்துவிட்டால் கேள்விக்குறியின் கேள்வி சுக்குநூறாகிவிடும் என்பது மட்டும்தான் அப்போது அவள் தலைக்குள் இருந்தது. அண்ணன் உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"என்னால முடியாது" என்றார் அண்ணன். "குச்சியை வெச்சுக் குத்தறதாம்ல. இந்த வயசுல எனக்கு இது வேணுமா?"

"உன்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல. தாளைப் படி. அதுல இருக்கிறபடி செய். என்னை எதுவும் கேக்காத. நான் கீழ இருப்பேன்."

"செஞ்சா இந்தப் பேச்சை விட்டுடுவியா?"

"விட்டுடறேன்."

மறுநாள் காலையில் செய்தார். அவள் கீழே வாசற்படியில் உட்கார்ந்து காது கொடுத்துக் காத்திருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பொறுக்க முடியாமல் மாடிப்படியில் பாதி ஏறிக் கேட்டாள். "என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அவளுக்கு வாயெல்லாம் பல். அன்று முழுவதும் கேள்விக்குறிக்கு மனசுக்குள்ளேயே பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் குப்பை எடுத்துப் போக அண்ணி மேலிருந்து பையைக் கட்டிக் கீழே கொடுத்தார். பையின் வாய் சரியாகக் கட்டப்படவில்லை. வெங்காயத் தோலுக்கு நடுவில் அந்த வில்லை மல்லாந்து கிடந்தது. அவள் சும்மாதான் எடுத்துப் பார்த்தாள். ஒரு கோடு பளிச்சென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத மாதிரி, ரோஜா நிறத்தில்.

கையில் வில்லையோடு மாடிக்கு ஏறினாள். அண்ணன் மேஜையில் ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீ பார்க்கறப்போ இந்தக் கோடு இருந்துச்சா?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இருந்துச்சோ என்னவோ. ஒண்ணு நல்லா இருந்துச்சு. இது ஏதோ அழுக்கு மாதிரி இருந்துச்சு. இதையெல்லாமா கணக்குல எடுத்துப்பாங்க?"

"ரெண்டு கோடுன்னா டாக்டர்கிட்ட போகணும்னு போட்டிருக்கே. படிச்சியா இல்லையா?"

"படிச்சேனே. 'இரண்டு கோடுகள் தெரிந்தால்'னு போட்டிருந்த. தெரியணும்ல. இது எங்க தெரியுது? தேடினாத்தான் கிடைக்குது."

அவள் எழுதிய வரியை அவளுக்கே எடுத்துச் சொல்கிறார். அதுவும் சரியாகச் சொல்கிறார்.

"எத்தனை நிமிஷத்துல பார்த்த?"

"வெச்சுட்டுப் போய் டீ குடிச்சேன். அப்புறம் வந்து பார்த்தேன்."

இதுதான் அவளை உலுக்கியது. பத்து நிமிஷத்துக்கு மேலானால் வில்லை காய்ந்து, ஒன்றுமில்லாதவருக்கும் இப்படி நிழல் மாதிரிக் கோடு வரலாம். அதனால்தான் பார்க்காதீர்கள் என்று அவளே எழுதியிருக்கிறாள். இது நேரத்துக்குள் வந்த கோடா, தாமதமாக வந்த கோடா? டீ ஒரு தம்ளரா, இரண்டு தம்ளரா? அண்ணன் டீ குடிப்பதற்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த வில்லையிடம் இனி எந்த உண்மையையும் கேட்டு வாங்க முடியாது.

"சரி, டாக்டர்கிட்ட போகலாம் வா."

"எதுக்கு? நீ உன் பரீட்சைக்கு என்னைப் பிடிச்ச. நான் எழுதிட்டேன். பெயிலாப் போனா உன் கேள்வித்தாள் சரியில்ல."

இழுத்துப் பிடித்து அண்ணியும் அவளுமாகச் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் ஓர் இளம்பெண். பொறுமையாகக் கேட்டார். வில்லையைத் தாளில் மடித்து எடுத்துவந்திருந்தாள் பூட்டக்கா, அதை நீட்டினாள்.

"இது எந்த கம்பெனி? எனக்குத் தெரிஞ்ச கிட் இல்லையே."

"இன்னும் வெளிய வரல டாக்டர். லைசென்சுக்குப் போயிருக்கு."

டாக்டர் வில்லையைத் தொடாமலே மேஜைக்கு இந்தப் பக்கம் தள்ளிவைத்தார். "லைசென்ஸ் இல்லாத கிட்ல வந்ததை வெச்சு நான் இவருக்கு ஸ்கோப் எழுத முடியாதுங்க. குடலுக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கறது சின்ன விஷயம் இல்ல. எங்க லேப்ல ஒரு தடவை பண்ணிடுங்க. பாட்டில் தரச் சொல்றேன்."

"மறுபடியுமா?" என்றார் அண்ணன். எழுந்தே விட்டார்.

பூட்டக்காவுக்கு டாக்டர்மேல் எரிச்சல் பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணெதிரில் கோடு இருக்கிறது, பார்க்கமாட்டேன் என்கிறார்களே. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. எந்தக் கிட்டை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே அந்த ஆபீசே இருக்கிறது. அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும், இவள் கம்பெனி நல்ல கம்பெனி என்று? உறைத்ததே தவிர எரிச்சல் குறையவில்லை.

பாட்டில் வீட்டுக்கு வந்தது. அண்ணன் அதைத் தொடவில்லை. இன்று வரவில்லை என்றார். நாளைக்கு என்றார். வந்தது, ஆனால் மறந்துவிட்டேன் என்றார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவள் மாடியைப் பார்த்து, "ஆச்சா?" என்று கத்துவாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "உன் வாய்ல மண்ணைப் போட" என்று மேலிருந்து பதில் வரும். கடைசியில் அண்ணிதான் ஒரு வழி செய்தார். எதுவும் பேசவில்லை. காலையில் அண்ணன் எழுந்ததும் செய்தித்தாளுக்குக் கை நீட்டுவது வழக்கம். அண்ணி அந்தக் கையில் செய்தித்தாளுக்குப் பதில் பாட்டிலை வைத்தார். மறுநாளும் வைத்தார். செய்தித்தாள் எங்கே என்று கேட்டால் காதில் விழாத மாதிரி சமையலறைக்குப் போய்விடுவார். உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அண்ணனால் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

பாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. ரத்தம் இருக்கிறது என்று வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

அன்று முழுவதும் அண்ணன் பிரித்த கடிகாரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டே இருந்தார். கீழே தன் அறையில் அவள் விளக்கத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியைப் பார்த்தாள். இரண்டு கோடுகள் தெரிந்தால். எத்தனை பேரிடம் பெருமையாகக் காட்டிய தாள்.

ஸ்கோப்புக்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்ய ஒரு ஜாடி மருந்து குடிக்க வேண்டும். அது பெரிய போராட்டம். ஒவ்வொரு தம்ளருக்கும் அண்ணன் தங்கையின் கம்பெனியையும் அதன் முதலாளியையும் திட்டிக்கொண்டே குடித்தார். மறுநாள் உள்ளே போய் வந்தார். குடலுக்குள் காளான் மாதிரி ஒரு கட்டி இருந்தது, அங்கேயே வெட்டி எடுத்துவிட்டோம் என்றார் டாக்டர். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கெட்டதாக மாற ஆரம்பித்திருந்தது, ஆனால் முழுதாக மாறவில்லை, வேர் விடவில்லை என்று பதில் வந்தது. "இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா வேற கதை" என்றார் டாக்டர். அண்ணி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

இனி கம்பெனி. சொல்லாமல் இருக்க முடியாது. ட்ரயல் கிட்டில் ஒன்று குறைவது எப்படியும் தெரிந்துவிடும். அது மட்டுமில்லை. சொல்லாவிட்டால் அந்த வரி அப்படியே வெளியே போய்விடும்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார், "எடுத்துட்டுப் போனது தப்பு. எழுத்துல எச்சரிக்கை குடுத்தே ஆகணும். எனக்கு வேற வழியில்ல."

"குடுங்க மேடம்."

"அண்ணன் எப்படி இருக்கார்?"

"திட்டறார்."

"அப்போ நல்லாத்தான் இருக்கார்."

முதலாளி அவ்வளவு சுலபமாக விடவில்லை. அவர் கெட்டவரில்லை, கடன் வாங்கிக் கம்பெனி நடத்துகிறவர், தூக்கம் குறைந்தவர். விளக்கத்தாளை மாற்ற வேண்டும், மங்கலான கோடு வருகிற மாதிரி களிம்பு கலந்து மறுபடியும் ட்ரயல் நடத்த வேண்டும் என்று அவள் சொன்னதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"கேள்விக்குறி கேட்டப்போ வேணும்னே இழுக்கறார்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

"நான்தான் சார்."

"இப்போ நீங்களே இழுக்கறீங்க. புது ட்ரயல், புது தாள், மறுபடியும் அவர் மேஜை. மூணு மாசமாவது போகும். சரி, நான் ஒண்ணு கேக்கறேன். அந்த மூணு மாசத்துல இந்தக் கிட் கடையில இருந்தா எத்தனை பேர் வாங்கிப் பார்த்திருப்பாங்க? அதுல உங்க அண்ணன் மாதிரி உள்ள கட்டி இருந்து, ஆனா கோடு அழுத்தமாவே வர்றவங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க? அவங்கெல்லாம் இப்போ பார்க்காமலே இருப்பாங்க. அதுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் சொல்வதும் உண்மைதான். தாமதத்தால் போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. தப்பான தாளால் போகிறவர்களும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேதான் போவார்கள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குப்பைப் பையில் கிடந்த வில்லையை அவள் தற்செயலாகப் பார்த்தாள். எல்லார் வீட்டுக் குப்பையையும் யார் பார்ப்பார்கள்?

"எனக்குத் தெரியல சார்" என்றாள். "ஆனா அந்த வரியை நான்தான் எழுதினேன். அது தப்புன்னு தெரிஞ்சப்புறம் அப்படியே அனுப்ப முடியல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பண்ணித் தொலைங்க" என்றார்.

மேடமும் அவளும் லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார்கள். கேள்விக்குறி ஆபீசர் நடந்ததையெல்லாம் தலையைக் குனிந்தபடி கேட்டார். முகத்தில் வெற்றிக்களை எதுவும் இல்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் திருப்பிச் சொல்லவாவது வசதியாக இருந்திருக்கும்.

"நான் கேக்கறது உங்களை மடக்கறதுக்கு இல்லம்மா" என்றார். "என் மேஜைக்கு வர்ற எல்லா கிட்டும் லேப்ல நல்லாத்தான் வேலை செய்யுது. வீட்ல தனியா நின்னு பார்க்கறவருக்கு ஒரு சந்தேகம் வந்தா கேக்க ஆள் கிடையாது. அதான் அவருக்குப் பதிலா நான் கேட்டு வெக்கறேன்." பிறகு பேனாவை எடுத்து, "கண் பார்வை மங்கினவங்க மங்கலான கோட்டை எப்படிப் பார்ப்பாங்க? அதையும் ட்ரயல்ல சேர்த்துடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் பூட்டக்கா மேடத்திடம், "இந்த ஆளுக்கு வீட்ல சாப்பாடு போடறவங்க பாவம் மேடம். உப்பு போட்டியா, எவ்வளவு போட்ட, ஆதாரம் எங்கன்னு கேட்டிருப்பார்" என்றாள். மேடம் ஆட்டோவில் ஏறும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

புது ட்ரயல் தொடங்கியது. மங்கலான கோடு வந்தபோது அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். பழைய தாளை வைத்துச் செய்தவர்களில் பாதிப் பேர் அண்ணன் சொன்னதையே சொன்னார்கள். அழுக்கு, நிழல், கணக்கில் வராது. ஒரு பள்ளிக்கூட டீச்சர், "சரியா வரல, ஆனா நெகட்டிவ்தான்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவினார். அவள் ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு குறித்தாள். புதுத் தாளில் அழுத்தமான கோட்டிலிருந்து கண்ணுக்கு எட்டியும் எட்டாத கோடு வரை வரிசையாகப் படம் போட்டார்கள். அதன் கீழே அவள் எழுதினாள்: 'இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கண் நன்றாகத் தெரிகிற ஒருவரிடம் காட்டுங்கள். டாக்டரிடம் போங்கள்.' நேரத்தைக் குறிக்கும் இடத்தில், டீ குடிக்கப் போகாதீர்கள் என்று எழுத அவளுக்கு ஆசையாக இருந்தது. மேடம் விடவில்லை. 'வேறு வேலைக்குப் போகாமல் அருகிலேயே இருங்கள்' என்று ஆயிற்று.

புதுத் தாளோடு வந்தவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். எல்லோரும் இல்லை. தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர்களுக்கு எந்தத் தாள் எழுதி என்ன. முதலாளி சொன்ன மூன்று மாசம் ஆறு மாசமாயிற்று. லைசென்ஸ் வந்த அன்று கீழ்த்தளத்துப் பெண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார்கள். முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பூட்டக்காவின் சம்பளம் கூடவில்லை; எச்சரிக்கைத் தாள் அவளுடைய பைலில் அப்படியே இருக்கிறது.

அண்ணன் இப்போது வேறொரு தொல்லையாகிவிட்டார். டீக்கடையில் டிப்போ நண்பர்களை உட்காரவைத்துத் தன் குடல் கதையைச் சொல்கிறார். குச்சியை எப்படிக் குத்துவது என்று ஸ்பூனை வைத்துச் செய்து காட்டுகிறார். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து போகிறார்கள். அவர் பேச்சைக் கேட்டு நாலைந்து பேர் மருந்துக்கடையில் கிட் வாங்கினார்கள். அதில் ஒருவர், பழைய கண்டக்டர், தன் வில்லையை நேராகப் பூட்டக்காவின் வாசலுக்கே எடுத்துவந்து, "இதைப் பார்த்துச் சொல்லும்மா" என்று நீட்டினார். தாளில் இருக்கிறது, படியுங்கள் என்றாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்.

இவ்வளவு பேசுகிற அண்ணனை வருஷம் ஒரு முறை திரும்ப ஸ்கோப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தேதி வந்து போய்விட்டது.

"அதான் எடுத்தாச்சே" என்கிறார். "வண்டியில ஒரு தடவை பார்ட் மாத்தினா மறுபடியும் கழட்டிப் பார்ப்பாங்களா?"

"மெக்கானிக்கா இருந்துட்டு இதைச் சொல்ற. சர்வீஸ்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"அந்த ஜாடி மருந்தை நீ குடிப்பியா?"

"நீ வா முதல்ல. குடிக்கறதைப் பத்தி அங்க போய்ப் பேசிக்கலாம்."

அண்ணி சமையலறையிலிருந்து வந்து, மேஜையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.